நிழல் தெற்கே சாயும் ஊர்

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பிப்ரவரி 2-ஆம் தேதிக்குக் காகிதக் கப்பில் கிரவுண்ட்ஹாக் பொம்மை செய்து, டார்ச் அடித்து அதன் நிழலைச் சுவரில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நிழல் தெரிந்தால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீளுமாம். நம்ம ஊரில் குளிரே கிடையாது. பிள்ளைக்கு என்னதான் சொல்லிக்கொடுப்பது?"

பொம்மையைத் தாராளமாகச் செய்யுங்கள். கத்தரிக்கோல் பிடிக்கப் பழகும் வயதில் எந்த விலங்கானாலும் நல்லதுதான். கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வேப்பமரத்தில் ஓடும் அணிலுக்குத் தூரத்து உறவு. கப்பின் முதுகில் மூன்று கோடு இழுத்து நம்ம ஊர் அணிலாக்கிவிட்டால் பிள்ளைக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் குளிர் நீளும் என்ற ஜோசியத்தை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அந்த ஜோசியத்தின் வரலாறு ஒரு பத்திக்கு மேல் தேறாது. ஐரோப்பாவில் பிப்ரவரி 2 ஒரு கிறிஸ்தவத் திருநாள். அன்றைய வெயிலை வைத்துக் குளிர்காலத்தைக் கணிப்பது அங்கே பழைய வழக்கம். ஜெர்மானியக் குடியேறிகள் அதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பங்சுடானி என்ற சிற்றூரில் 1887 முதல் விழாவாகவே நடக்கிறது. விடியற்காலையில் விலங்கை வெளியே எடுக்கிறார்கள். நிழல் விழுந்தால் ஒரு பலன், விழாவிட்டால் வேறு பலன். அந்நாட்டு வானிலைத் துறையினர் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பலித்தது பாதிக்கும் குறைவு. காசைச் சுண்டியிருந்தாலும் இதைவிடத் தேவலை. அன்று காலை மேகம் இருந்ததா இல்லையா என்பதுதான் அந்த நிழல் சொல்லும் ஒரே சேதி.

ஆனால் நிழலுக்கு நாள் கணக்கு தெரியும். அதுவும் வண்ணார்பேட்டை நிழலுக்குத் தெரிவது பென்சில்வேனியா நிழலுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு மீட்டர் குச்சியைத் தட்டட்டியில் நேராக நட்டு, உச்சிப்பொழுதில் நிழலை அளந்தால், பிப்ரவரி 2 அன்று சுமார் 48 சென்டிமீட்டர் வரும்; வடக்கே நீண்டு கிடக்கும். அதே நாளில் பங்சுடானியில் உச்சி நிழலே 160 சென்டிமீட்டர். அங்கே அது கோடையில் குறையும். ஆனால் ஆண்டு முழுக்க வடக்கேதான் விழும். இங்கே வாரத்துக்கு வாரம் சுருங்கி, ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒன்றுமில்லாமல் போய், பிறகு மறுபக்கம் முளைக்கிறது. ஜூன் 21-இல் பார்த்தால் 26 சென்டிமீட்டர் நிழல் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகஸ்ட் 30, 31 வாக்கில் மறுபடி மறைந்து, பழையபடி வடக்கே திரும்பிவிடும். ஆண்டில் நாலரை மாதம் நம் உச்சி நிழல் தெற்கத்தி நிழல். தாமிரபரணிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட இதைக் கவனித்தவர்கள் சொற்பம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் இடம் நாளுக்கு நாள் நகர்வதை ஒரு பஸ்ஸாக நினைத்துக்கொள்ளுங்கள். பைபாஸில் வரிசைகட்டி நிற்கும் ஆம்னி பஸ்களைப் பார்த்து வளரும் வண்ணார்பேட்டைப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஏப்ரல் 10-இல் கன்னியாகுமரி, 12-இல் திருநெல்வேலி, 15 வாக்கில் மதுரை, 18 வாக்கில் திருச்சி, 24-இல் சென்னை. நெல்லையிலிருந்து சென்னைக்கு ஆம்னி பஸ் ஒரே ராத்திரியில் போவதை இது பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு போகிறது. நம் ஊரைக் கடக்கும்போது வேகம் நாளுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். இன்று உச்சியில் வண்ணார்பேட்டையில் நின்றால், நாளைய உச்சிக்குக் கயத்தாறைத் தாண்டியிருக்கும், கோவில்பட்டியை இன்னும் எட்டியிருக்காது. ஆனால் வடக்கே போகப் போக வண்டி தளர்கிறது. கடக ரேகைதான் கடைசி நிறுத்தம். ஜூன் 21-க்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க ஓடியும் 20 கிலோமீட்டர் தாண்டாது. அங்கே வட்டம் அடித்துத் திரும்பி, ஆகஸ்ட் 18-இல் சென்னை, மாதக் கடைசியில் நெல்லை. டெல்லிக்காரர்கள் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் இந்த வண்டி அவர்கள் ஊருக்கு வராது. ரூட் அதற்குள் முடிந்துவிடுகிறது.

கடைசி நிறுத்தத்தில் ஏன் இந்தத் தளர்ச்சி? வானத்தில் சூரியன் ஓராண்டில் சுற்றிவரும் பாதை, நடுக்கோட்டைச் சாய்வாகக் குறுக்கே வெட்டிப் போகிறது. வெட்டும் இடத்தை ஒட்டிச் சூரியன் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் கணிசமான பங்கு வடக்கு நோக்கி இருக்கிறது. உச்சத்தை நெருங்கும்போது பாதை கிழக்கு நோக்கிப் படுத்துவிடுகிறது; அதே நடை, ஆனால் வடக்கே ஏறுவது அநேகமாக நின்றுபோகிறது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வாரம் ஒரு கோடு போட்டு வந்தால் இதைக் கணக்கில்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும். ஜூனில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் "அபூர்வ வானியல் நிகழ்வு: இன்று நிழல் இல்லாத நாள்" என்று செய்தி வரும். ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல், தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் வருவது எப்படி அபூர்வமாகும்? கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கை நிற்கிறது என்று படம் பிடித்துப் போடுவதைப் போன்றதுதான் இதுவும். அடி சமமான உலக்கை எந்த நாளும் நிற்கும். இன்னொன்று, அந்த ஒரே நாளைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்று பதற வேண்டியதில்லை. சூரியன் ஒரு புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சி நுனியின் நிழல் ஓரத்தில் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கலாகவே இருக்கும். ஒரு நாளில் நிழல் நகர்வதோ 6 மில்லிமீட்டர்தான். மங்கலுக்குள்ளேயே அந்த வித்தியாசம் கரைந்துபோகும். முந்தின நாளோ மறுநாளோ பார்த்தாலும் பிள்ளைக்கு நஷ்டமில்லை.

பார்ப்பதற்குக் குச்சியைவிட நல்ல சாதனம் அடுக்களையில் இருக்கிறது. அடி சிறுத்து வாய் அகன்ற சில்வர் டம்ளர். வெயிலில் சமதரையில் வையுங்கள். விளிம்பின் நிழல் அடியைச் சுற்றி ஒரு வளையமாக விழும். சூரியன் துல்லியமாக உச்சியில் இருந்தால் வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலம். ஐந்து நிமிடம் முன்பு பார்த்தால் மேற்குப் பக்கம் தடித்திருக்கும்; உச்சி கடந்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தடிப்பு கிழக்கே இடம் மாறியிருக்கும். இதை அவசரப்பட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்; எந்தப் பக்கம் தடிக்கிறது என்று அவளையே விரலால் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 

நேரம் முக்கியம். கடிகாரத்தின் 12 மணி நமக்கு உச்சியல்ல. இந்திய நேரம் நமக்குக் கிழக்கே மிர்சாப்பூர் வழியாகப் போகும் தீர்க்கரேகையைப் பார்த்து வைத்தது. ஏப்ரல் 12 அன்று வண்ணார்பேட்டையில் உச்சி 12.20-க்கு, பிப்ரவரி 2 அன்று 12.33 வரை தள்ளிப்போகும். தலையில் தொப்பி, காலில் செருப்பு, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது. பார்க்க வேண்டியதெல்லாம் தரையில்தான் இருக்கிறது.

நம்மவர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனைக்கு இடம் குறிப்பவர்கள் இரண்டு கோல் நட்டு, உச்சிப்பொழுதின் நிழலை வைத்துத்தான் திசை பார்க்கிறார்கள். "வெயிலா நிழலா" விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தக் கோலை எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை.

வாசகிக்கும் அவர் மகளின் ஆசிரியைக்கும் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 2 அன்று அணில் பொம்மையை ஒரு குச்சியில் ஒட்டி வெயிலில் நடுங்கள். முதல் கோட்டைப் போடுங்கள். ஏப்ரல் 12-க்குப் பத்து வாரம் இருக்கிறது, பத்துக் கோடு. கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஆற்றங்கரையோரம் நடந்தே போய்க் கேட்கலாம். ஏப்ரல் 12 அன்று பள்ளி இருந்தால் 12.10-க்கு மணியடித்து, ஆளுக்கொரு டம்ளரோடு பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்.