உங்களுக்குத் தெரியுமா? படம் காட்டும் குட்டி ஆடிகள்

டி.எல்.பி. வகைப் புரொஜெக்டரின் உள்ளே, விரல்நகமளவு சில்லொன்றில் இலட்சக்கணக்கான அலுமினிய ஆடிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிப்பைவிடச் சிறியது. ஆடி ஒருபக்கம் ஏறத்தாழ 12 பாகை சாய்ந்தால் விளக்கொளி வில்லையூடாகப் பெருத்துத் திரையில் விழும். மறுபக்கம் சாய்ந்தால் அந்தப் புள்ளி இருண்டுவிடும். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் சாய்வதால்தான் இடைப்பட்ட வெளிச்சமும் கண்ணுக்குக் கிடைக்கிறது. வியக்கத்தக்க நுட்பம் இது!

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹோர்ன்பெக் 1987இல் உருவாக்கிய இச்சில்லு, 2015இல் அவருக்கு ஆஸ்கர் விருதைத் தேடித்தந்தது.

ஆடிகளால் ஒளியை விலக்கத்தான் முடியும். கறுப்பை எறிய முடியாது; சுற்றுப்புற வெளிச்சம் திரையில் பட்டால் படத்தின் கறுப்பும் வெளிறிவிடும். எனவே திருகோணமலைக் கடற்கரையில் திரை கட்டிப் படம் காட்ட விரும்புவோர், துறைமுகம் நன்றாக இருட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும்.