நீரில் நிற்கும் கொழுப்பு

நல்லெண்ணெயையும் ஜலத்தையும் ஒரு குப்பியில் ஊற்றி எவ்வளவு வேகமாகக் குலுக்கினாலும், கையை நிறுத்திய சிறிது நேரத்துக்குள் எண்ணெய் மேலும் ஜலம் கீழுமாகப் பிரிந்துவிடுகின்றன. நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு ஜலமும் 4 பங்கு கொழுப்பும் கொண்ட பசும்பாலோ, கறந்து பல மணி நேரம் ஆனபின்பும் எண்ணெய்த் திட்டு எதையும் காட்டாமல் வெண்மையாகவே இருக்கிறது.

இதற்குக் காரணத்தை மேற்பரப்பில் தேட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் கொழுப்பு ஒரே உருண்டையாக இருக்கும்போது அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதையே, பாலில் உள்ளதுபோல, ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாக நொறுக்கினால் மேற்பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டராகப் பெருகிவிடும். கொழுப்பும் ஜலமும் சந்திக்கும் எல்லையை விரிப்பதற்குச் சக்தி செலவாகிறது. ஆகையால் அந்த எல்லையைச் சுருக்கிக்கொள்ளும் பொருட்டு, துளிகள் எதிர்ப்பட்ட இடத்திலெல்லாம் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாக முயல்கின்றன. அந்த முயற்சியைத் தடுத்து நிறுத்தும் வஸ்துவே பால்மமாக்கி.

பாலில் பாஸ்போலிப்பிடுகளும் புரதங்களும் சேர்ந்து ஒவ்வொரு துளியையும் மெல்லிய சவ்வாகப் போர்த்தியிருக்கின்றன. பாஸ்போலிப்பிடின் மூலக்கூறு இரட்டைச் சுபாவம் உடையது. அதன் ஒரு முனை ஜலத்தை நாடும், நீண்ட மறுமுனை கொழுப்புக்குள் புதைந்துகொள்ளும். ஆதலால் எல்லையைத் தவிர வேறெங்கும் அதற்கு நிம்மதி இல்லை. முட்டையின் மஞ்சட்கருவில் உள்ள லெசித்தினும் இந்த இனமே.

ஜலத்தின் மேற்பரப்பில் இத்தகைய படலங்கள் நடந்துகொள்ளும் விதத்தை, சர்வகலாசாலைப் படிப்பேதும் பெறாமல், ஜெர்மனியில் தம் வீட்டிலேயே ஒரு தகரத் தொட்டியை வைத்து ஆராய்ந்தவர் ஆக்னெஸ் போக்கெல்ஸ் அம்மையார். அவருடைய கடிதம் ஆங்கில விஞ்ஞானி லார்டு ராலேயின் முயற்சியால் 1891-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளிவந்தது. அந்த மூலக்கூறுகள் தலை ஜலத்திலும் வால் வெளியிலுமாக அணிவகுத்து நிற்பதை 1917-இல் விளக்கிய இர்விங் லாங்மியூருக்கோ 1932-இல் நோபல் பரிசே கிடைத்தது. அம்மையாரின் பெயரையும் நம் பள்ளிப் பாடங்கள் அதே மரியாதையோடு சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காய்ச்சாத பாலை அசையாமல் வைத்தால் மேலே ஏடு திரள்வதைப் பிரிவினை என்று கொள்ளலாகாது. துளிகள் இலேசானவையாதலால் மிதக்கின்றனவேயன்றி, சவ்விழந்து ஒன்றாகிவிடவில்லை. மெல்லக் கலக்கினால் மறுபடியும் பரவிவிடும். மெய்யான பிரிவினையைச் செய்வது மத்துதான். குளிர்ந்த விடியற்காலையில் கடைந்தால் வெண்ணெய் நன்றாகத் திரளும் என்பது வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. அந்தக் குளுமையில் கொழுப்பின் ஒரு பகுதி உறைந்து நுண்ணிய படிகங்களாகி, துளிகள் மோதும்போது சவ்வைத் துளைத்து அடுத்த துளியைப் பற்றிக்கொள்கிறது. வெயில் ஏறியபின் கடைகிறவர்கள் தயிரில் குளிர்ந்த ஜலம் வார்ப்பதும் இதற்காகவே. சவ்வில் பெரும்பகுதி மோரோடு போய்விட, நிலைமை தலைகீழாகி, இப்போது ஜலம் சிறு துளிகளாகக் கொழுப்புக்குள் அடைபடுகிறது. கடைகளில் விற்கும் வெண்ணெயில் அப்படி அடைபட்ட ஜலம் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு. வெண்ணெயை நெய்யாகக் காய்ச்சும்போது எழும் சடசடப்பு, அந்த ஜலம் கொதித்து ஆவியாக வெளியேறுவதால் உண்டாவதே.