சின்ன ரப்பர், பெரிய பில்: கார் டிரைவ் ஷாஃப்ட்டை கவனிங்க!

இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் பட்ஜெட் போடுறோம். ஆனா திடீர்னு வர்ற ரிப்பேர் பில்தான் மாசக் கடைசியில கையைக் கடிக்கும்.

ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன்சக்கரம் இழுக்கிற கார்கள்ல, கியர்பாக்ஸ்ல இருந்து ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு டிரைவ் ஷாஃப்ட் போகும். அதோட ரெண்டு முனையிலும் ஜாயிண்ட் இருக்கும். உள்ளே கிரீஸ், மேலே ரப்பர் பூட். மொத்தம் 4 பூட்.

பூட் நல்லா இருக்கிற வரைக்கும் தனியா கிரீஸ் போடத் தேவையில்லை. அது கிழிஞ்சா கிரீஸ் வெளியே தெறிக்கும். மண்ணும் தண்ணியும் உள்ளே போய் ஜாயிண்ட் தேயும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- ஸ்டீயரிங்கை முழுசா திருப்பி நிறுத்தி, டயருக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. ரப்பர்ல வெடிப்பு இருக்கா?
- வீல் உள்பக்கம் கறுப்பா கிரீஸ் தெறிச்சிருக்கா?
- யூ-டர்ன் போடும்போது 'டக் டக்'னு சத்தம் வருதா? அப்படின்னா ஜாயிண்ட்டே தேய ஆரம்பிச்சிருக்கலாம்.

சத்தம் வர்றதுக்கு முன்னாடி பிடிச்சா, பூட்டும் கிரீஸும் மாத்துற கூலியோட முடியும். விட்டுட்டா ஜாயிண்ட், சில சமயம் முழு ஷாஃப்ட்டே மாத்தணும். செலவு பல மடங்கு.

மாத்தும்போது பழைய கிரீஸை முழுசா துடைச்சிட்டு, சிவி ஜாயிண்ட்டுக்கான கிரீஸையே போடச் சொல்லுங்க.

பின்சக்கரம் இழுக்கிற வண்டியா? பலதுல நடு ஷாஃப்ட் ஜாயிண்ட்ல கிரீஸ் நிப்பிள் இருக்கும். அதுக்கு மேனுவல்ல சொன்ன இடைவெளியில கிரீஸ் அடிக்கணும்.

அடுத்த சர்வீஸ்ல, வண்டி லிஃப்ட்ல ஏறினதும் "4 பூட்டையும் காட்டுங்க"னு கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்!