நன்றாக ஓடும் எஞ்சினை ஏன் பிரிக்கிறார்கள்?

1960களின் பி.எம்.டபிள்யூ ஆர் 60/2 பைக்கைப் புதுப்பிக்க எடுத்தால், எஞ்சின் சீராக ஓடினாலும் கிராங்க்ஷாஃப்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்கள் விவரம் தெரிந்த மெக்கானிக்குகள். ஏன்?

அந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் கிடையாது. அதற்குப் பதில் கிராங்க்ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் இரண்டு தகட்டு வளையங்கள். ஆயில் முதலில் இவற்றுக்குள் வரும். சுழலும் வேகத்தில், ஆயிலைவிடக் கனமான உலோகத் துகள்களும் கசடும் விளிம்புக்கு ஒதுங்கிப் படியும். தெளிந்த ஆயில் துளை வழியே கனெக்டிங் ராடின் ரோலர் பேரிங்குக்குப் போகும். அழகான யோசனைதான். ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் வளையத்தைச் சுத்தம் செய்ய வழியில்லை. ஆயில் மாற்றினாலும் படிந்தது படிந்ததுதான். ஊர் ஊராகச் சுற்றிய வண்டியில் கசடு நிரம்பி, ஆயிலின் பாதையை அடைத்துவிடும். காய்ந்த பேரிங் ஒரு நாள் சிதையும், பெரும்பாலும் நெடுஞ்சாலையில்.

1969இல் வந்த பி.எம்.டபிள்யூவின் /5 வரிசை பைக்குகளில், மாற்றக்கூடிய ஃபில்டர் வந்து இந்தத் தலைவலி தீர்ந்தது.

பழைய வண்டிக்காரர்களோ பெட்ரோல் டேங்க் பெயின்ட்டையும் புது சீட்டையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றுவது, ஹேண்டில்பாரைத் தாழ்த்துவது எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். என்னைக் கேட்டால், முதல் செலவு அந்த வளையங்களுக்குத்தான்.