முதல் ரயிலும் கடைசி ரயிலும்

மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு இழுவிசைச் சோதனை நல்லாத் தெரியும். கம்பியை யு.டி.எம். மெஷினில் மாட்டும் முன்பே சென்டர் பஞ்ச்சால் இரண்டு புள்ளி குத்தி வைக்கிறோம். கம்பி அறுந்த பிறகு துண்டுகளைச் சேர்த்து வைத்து, அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அளக்கிறோம். 100 மி.மீ. இருந்தது 125 மி.மீ. ஆகியிருந்தால் நீட்சி 25 சதவீதம். முதலில் புள்ளி குத்தாமல் விட்டால்? எவ்வளவு நீண்டது என்று யாராலும் சொல்ல முடியாது!

சினிமாவிலும் இதே கதைதான். ஒருவன் மனசளவில் வளர்ந்துவிட்டான் என்று வசனத்தில் சொன்னால் நாம நம்ப மாட்டோம். அதனால் நல்ல திரைக்கதை ஆரம்பத்திலேயே ஒரு காட்சியைப் புள்ளியாகக் குத்தி வைக்கும். பின்னால் அதே மாதிரி இன்னொரு காட்சியைக் கொண்டு வரும். சூழ்நிலை அதேதான், ஆள் மட்டும் மாறியிருப்பான். வித்தியாசம் தானாகத் தெரியும்.

கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கி, 1992-ல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் படித்த சக்தி, தோழி பானுவோடு ரயிலில் சொந்த ஊருக்கு வந்து இறங்குகிறான். ஊரில் தங்கும் எண்ணமே கிடையாது. ஓட்டல் தொழில் தொடங்கணும், அதுதான் கனவு. படம் முடியும்போதும் ரயில்தான். ஆனால் இப்போது போலீஸ் காவலில் ஊரை விட்டுப் போகிறான். வந்தபோது ஊர் வேண்டாதவன், போகும்போது ஊருக்கே சொந்தக்காரன்!

நடுவில், அப்பா இறந்த பிறகு சக்தி மீசையும் வேட்டியுமாக வந்து நிற்பான். தியேட்டரில் விசில் பறக்கும். ஆனா அங்கே மாறினது தோற்றம்தான். வளர்ச்சியை அளக்க வேறு ஒரு ஜோடிக் காட்சி இருக்கு.

பூட்டிக் கிடக்கும் கோயிலுக்குள் போக சக்தி ஆசைப்படுகிறான். இசக்கி பூட்டைத் திறந்து விடுகிறான். பழைய பகை கிளம்பி, இசக்கியின் கை வெட்டுப்படுகிறது. ஆசைப்பட்டது ஒருத்தன், விலை கொடுத்தது இன்னொருத்தன்!

கடைசியில் சக்தியின் கையால் மாயன் சாகிறான். பழியை நாங்க ஏத்துக்கிறோம் என்று ஊர்க்காரர்கள் முன்வருகிறார்கள். மறுபடியும் அதே நிலைமை. செய்தது சக்தி, விலை கொடுக்க வேறு ஆட்கள் தயார். இந்தத் தடவை சக்தி சம்மதிக்கவில்லை. போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டு, தானே சரணடைகிறான்.

கோயில் பூட்டுக்கும் இந்தச் சரணுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சக்தியின் நீட்சி. இன்னொன்றும் கவனிக்கணும். இழுத்த கம்பி நீளும்போதே இடுப்பில் மெலியவும் செய்யும். வெட்டுக்குத்தே வேண்டாம் என்றவன் கையிலும் ரத்தம் படிந்துவிட்டது. வளர்ச்சி என்றால் லாபக் கணக்கு மட்டும் இல்லை என்பதையும் இந்தப் படம் மறைக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை டீ குடிச்சிட்டு லேட்டா தியேட்டருக்குள்ள போகாதீங்க. முதல் பத்து நிமிஷத்துலதான் புள்ளி குத்தியிருப்பாங்க!