மனிதன் கொடுத்த கிருமி. பன்றி வட்டியோடு திருப்பித் தந்தது!

பெண் குழந்தை. வயது ஆறே மாதம். நெஞ்சில் ஆபரேஷன் செய்யவேண்டும்.

இது நடந்தது நெதர்லாந்து நாட்டில். 2004-ம் ஆண்டு ஜூலை மாதம். ஆபரேஷனுக்கு முன் குழந்தையைச் சோதித்துப் பார்த்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். மருந்துக்கு மசியாத கிருமி ஒன்று அந்தப் பச்சைக் குழந்தையிடம் இருந்தது!

திராட்சைக் குலை

அந்தக் கிருமியின் பெயர் ஸ்டெபைலோகாக்கஸ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலை போலத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர்.

பத்துப் பேரில் சுமார் மூன்று பேருடைய மூக்கில் இது குடியிருக்கிறது. சும்மா இருக்கும் வரை தொல்லை இல்லை. காயத்தில் நுழைந்தால் சீழ் வைக்கும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து!

பெனிசிலினுக்கு இது அடங்காமல் போனபோது, 1959-ல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில், அதையும் எதிர்த்து நிற்கும் கிருமி பிரிட்டனில் தலைகாட்டியது. குழந்தையிடம் இருந்தது இந்த முரட்டு ரகம்தான்.

நெதர்லாந்தில் இந்த முரட்டுக் கிருமி மிக அபூர்வம். அப்படி இருக்க, குழந்தைக்கு எப்படி வந்தது?

பெற்றோரைச் சோதித்தார்கள். அவர்களிடமும் இருந்தது! தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று பார்த்தார்கள். பன்றிப் பண்ணை!

அந்த வட்டாரத்தில் பன்றி வளர்ப்போர் 26 பேரைச் சோதித்தார்கள். ஆறு பேரிடம் முரட்டுக் கிருமி இருந்தது. இந்தக் கிருமிக்கு 398-ம் ரகம் என்று பெயர்.

உடனே எல்லோரும் பன்றியின் மேல் பழியைப் போட்டார்கள். உண்மை என்ன?

28 லட்சம் எழுத்து

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு ‘ஜாதகம்’ உண்டு. அதுதான் அதன் மரபணுத் தொகுதி. இந்தக் கிருமியின் ஜாதகத்தில் சுமார் 28 லட்சம் எழுத்துக்கள் இருக்கின்றன. கிருமி ஒன்று இரண்டாகப் பெருகும்போது, அத்தனை எழுத்துக்களும் பிரதி எடுக்கப்படும். எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும்.

ஏட்டுச் சுவடியைப் பிரதி எடுக்கும்போது பிழை விழுவதில்லையா? அதே போலத்தான். இரண்டு ஏடுகளில் ஒரே பிழைகள் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டில் இருந்து வந்தவை என்று சொல்லலாம். கிருமிகளின் வம்சாவளியையும் இப்படியே கண்டுபிடிக்கிறார்கள்.

அமெரிக்க விஞ்ஞானி லான்ஸ் பிரைஸும் அவருடைய கூட்டாளிகளும் 19 நாடுகளில் இருந்து 398-ம் ரகக் கிருமிகளைத் திரட்டினார்கள். மனிதரிடம் எடுத்தவை, பிராணிகளிடம் எடுத்தவை, ஆக மொத்தம் 89. அத்தனையின் ஜாதகத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது.

யார் கொடுத்தது?

வம்சாவளியின் வேரில் நின்றது பன்றிக் கிருமி அல்ல. மனிதக் கிருமி!

ஆம். முதலில் மனிதன்தான் இதைப் பன்றிக்குக் கொடுத்தான். அப்போது அது சாது. மெதிசிலின் வகை மருந்து கொடுத்தால் செத்துப்போகும்.

பண்ணைக்குப் போனதும் அதன் குணம் மாறியது. மனித உடலின் காவலை ஏமாற்ற உதவும் சில மரபணுக்களை அது இழந்தது. பன்றியிடம் அவை எதற்கு? அதற்குப் பதில், டெட்ராசைக்ளின், மெதிசிலின் ஆகிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களைச் சேர்த்துக்கொண்டது.

என்ன காரணம்? பண்ணைகளில் பன்றிகள் நெருக்கமாக அடைக்கப்படுகின்றன. நோய் வராமல் இருக்கவும், சீக்கிரம் கொழுக்கவும் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். சாதுக் கிருமிகள் செத்தன. மருந்தை எதிர்த்த கிருமிகள் பிழைத்துப் பெருகின. அவை பன்றியைத் தொட்டவர்களின் மூக்கில் ஏறி வீட்டுக்கு வந்தன.

மனிதன் கொடுத்த கடனைப் பன்றி வட்டியோடு திருப்பித் தந்துவிட்டது!

விழித்துக்கொண்டார்கள்

தீவனத்தில் மருந்தைக் கலந்து கொழுக்க வைப்பதை, 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய யூனியன் தடை செய்தது. நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பண்ணைப் பிராணிகளுக்காக 2009-ல் விற்ற மருந்தில் பாதி அளவு கூட 2013-ல் விற்கவில்லை. பன்றி வளர்ப்போர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், முதலில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

ஆனாலும் 398-ம் ரகம் பன்றிகளை விட்டுப் போய்விடவில்லை. வந்த கிருமியை விரட்டுவது அவ்வளவு எளிதல்ல.

நன்றாக வேகவைத்த இறைச்சியில் இந்தக் கிருமி பிழைக்காது. ஆகவே சாப்பிடப் பயப்பட வேண்டாம். தொழுவத்தில் வேலை செய்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். காயம் இருந்தால் கட்டுப் போட்டு மூடவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. நோய் இல்லாத பிராணிக்கு மருந்து கொடுக்கக் கூடாது. தொழுவத்தில் வீணாக்கிய மருந்து, ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும்போது கை கொடுக்காது!