‘பிரஸ்’: ஒரு சொல், நான்கு பொருள்

எங்கள் ஊர்களில் ‘பிரஸ்’ என்றால் கலியாண அழைப்பிதழும் அந்தியேட்டிக் கல்வெட்டும் அடிக்கும் இடம். அதே சொல் மோட்டார் சைக்கிளில் ஒட்டப்பட்டிருந்தால், வருபவர் ஊடகவியலாளர். இரண்டும் எப்படி ஒரு சொல்லுக்குள் வந்தன?

ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் ‘அழுத்துதல்’. திராட்சை பிழியும் திருகுப் பொறிக்கும் அதுவே பெயர். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் யொஹானஸ் குட்டன்பேர்க் உலோக எழுத்துக்களைக் கோத்து, மை பூசி, அத்தகைய பொறியால் தாளை அழுத்தி அச்சிட்டார். பொறியின் பெயர் பின்னர் அச்சகத்துக்கும், அங்கு அச்சான பத்திரிகைகளுக்கும், இறுதியில் செய்தியாளர்களுக்கும் ஆகிவந்தது. அச்சு இயந்திரமே இல்லாத தொலைக்காட்சியும் இணையத்தளமும்கூட இன்று ‘பிரஸ்’தான்.

தமிழில் இவற்றை அச்சகம், பத்திரிகை, ஊடகம் என்று பிரித்துச் சொல்கிறோம். ஆனால் தாக்க வந்தவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1981இல் யாழ். நூலகம் எரிந்த நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2006 மே 2ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல்நாள், யாழ். ‘உதயன்’ அலுவலகத்தில் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இருவருமே செய்தி எழுதுபவர்கள் அல்லர். சந்தைப்படுத்தல், விநியோகப் பிரிவுகளின் பணியாளர்கள். 2013 ஏப்ரல் 13ஆம் திகதி அதே பத்திரிகையின் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. எழுதியவர் மட்டுமல்ல, அச்சிட்டவரும் விநியோகித்தவரும், இயந்திரமும்கூட இங்கே ‘பிரஸ்’ என்ற சொல்லுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருத்துச் சுதந்திரத்தைத் தரும் இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையில் ‘பிரஸ்’ என்ற சொல் இல்லை. பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும், வெளியிடுதல் உட்பட, உள்ள சுதந்திரத்தை அது ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறது. சட்டம் விதிக்கும் மட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் ஊடக அடையாள அட்டை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

ஆகவே, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் விபரத்தைத் துண்டுப்பிரசுரமாக அடித்து வீதியில் கொடுக்கும் தாய், ஊடகங்களுக்கான சலுகை எதையும் இரந்து கேட்கவில்லை. செய்தியாளருக்குள்ள அதே உரிமையையே அவரும் பயன்படுத்துகிறார்.